சத்தம் போடாத கதவு

அந்தக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி போட வைத்தவள் அவள்தான். தரைத்தளத்து மூலை வீட்டுக்காரி. மருந்துக்கடையில் காலை நேர வேலை. குடியிருப்போர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, "சின்னப் பசங்க ஓடியாடுற இடத்துல தண்ணிய இப்படித் திறந்து போடலாமா?" என்று கேட்பாள். "மருந்துக்கடை அக்கா எழுந்தாச்சு, இனி குளத்துல இறங்கினாதான் விடுவாங்க" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நச்சரித்து நச்சரித்து வேலியை வாங்கிவிட்டாள்.

ஆள் உயரக் கம்பி வேலி. உள்ளே போக ஒரே ஒரு இரும்புக் கதவு. யார் திறந்துவிட்டுப் போனாலும் தானாக வந்து மூடிக்கொள்ளும்படி கெட்டியான ஸ்பிரிங். தாழ்ப்பாள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். மூடும்போது 'டமார்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருக்கும்.

அவளுக்கு ஒரே பெண். மூன்று வயது தாண்டியிருந்தது. தூங்கும்போதுகூட வாய் ஓயாது என்பதால் மொத்தக் குடியிருப்புக்கும் அவள் 'பட்டாசு'. கணவன் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு முழுக்க மெஷின் ஓட்டுகிறவன். விடிந்த பிறகு வந்து படுப்பான். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் குளத்துக் கதவுதான் முதலில் தெரியும்.

ஒருநாள் மதியம், காப்பகத்திலிருந்து பட்டாசைக் கூட்டிக்கொண்டு வரும்போது, துப்புரவு ஆள் குளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடியது. ஆனால் சத்தம் வரவில்லை. அவள் நின்றுவிட்டாள். கதவு மூடித்தான் இருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தாள். வாயைப் பிளந்ததுபோல் திறந்துகொண்டது.

தாழ்ப்பாள் போய் விழவேண்டிய குழிக்குள் எதையோ மடித்துச் சொருகியிருந்தார்கள். நகத்தால் நெம்பி எடுத்தாள். கறுத்த ரப்பர்த் துண்டு. ஒரு பக்கம் துணி ஒட்டியிருந்தது. கத்தியால் அளவாக வெட்டியிருந்தார்கள். ஏதோ குழந்தை விளையாட்டாகச் செருகியது இல்லை இது. குழியின் அளவு தெரிந்த ஒருவர், உட்கார்ந்து, யோசித்து வெட்டியது.

துப்புரவு ஆளைக் கேட்டாள். "எனக்கு என்னக்கா தெரியும்? நான் இலை பொறுக்கிட்டுப் போறவன்" என்றான். அவன் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரப்பரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் கதவு மறுபடி டமார் என்றது. அதற்கு அடுத்த நாள் மறுபடி ஊமையாகிவிட்டது. குழிக்குள் புதிய துண்டு. அதே அளவு, அதே துணி.

அன்றிலிருந்து அவளுடைய பார்வையே மாறிப்போனது. யார் அந்த வழியாக நடந்தாலும் முதலில் அவர்களுடைய கைகளைப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் சேர்ந்து குடியிருந்த கல்லூரிப் பையன்கள் மீது முதலில் சந்தேகம் வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நினைத்த நேரத்தில் நீந்தப் போகிறவர்கள். ஒருவேளை தாழ்ப்பாளைத் திறக்கச் சோம்பேறித்தனமோ? அப்புறம் சங்கச் செயலாளர் அம்மா. வேலிக்குக் கடைசிவரை எதிர்ப்புச் சொன்னவள். குளத்தின் அழகு கெடுகிறது என்றவள். கடைசியாக வந்து நின்ற சந்தேகம் கிளட்ச் சார் மீது.

கிளட்ச் சார் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்துத் தெருவில் அவருடைய வண்டி ஊர்ந்துபோனால், "கிளட்ச்! கிளட்ச மிதிங்க! நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று இந்தத் தெருவுக்குக் கேட்கும். அதனால் வந்த பெயர். யாரோடும் ஒட்டமாட்டார். மதியம் ஆளில்லாத நேரத்தில் குளத்தடிக்குப் போய் சிகரெட் பிடிப்பார்.

ரப்பர். துணி ஒட்டிய ரப்பர். கார்க்காரரிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? காருக்குள் காலடியில் போடுகிற விரிப்பு அப்படித்தானே இருக்கும்?

ஒரு மதியம் அவள் வண்டி நிறுத்தத்தில், ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கிளட்ச் சார் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கதவருகே குனிந்தார். தாழ்ப்பாள் குழியில் விரலை விட்டு எதையோ செய்தார். பிறகு கையைக் கால்சட்டைப் பையில் நுழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிடித்தாயிற்று.

அன்று மாலை, கணவன் வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நான் கண்ணால பாத்தேங்க. அந்த ஆளேதான்."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெச்சதப் பாத்தியா?"

"குனிஞ்சாரு, கைய விட்டாரு. இன்னும் என்ன பாக்கணும்?"

"அவசரப்பட்டு யாரையும் சொல்லிடாத. ஒரு ரப்பர்த் துண்டுக்காக எதுக்கு ஊர்ப் பகை?"

"ரப்பர்த் துண்டா? நம்ம பொண்ணு ஒரு நாள் தள்ளிட்டு உள்ள போனா என்னாகும்?"

"நாமதான் வீட்டுல இருக்கோமே" என்றான். பெருந்தன்மையான மனிதர், யாரையும் தப்பாக நினைக்கத் தெரியாதவர் என்று எண்ணிக்கொண்டாள். கொஞ்ச நாளாக அவன் முகம் தெளிந்திருந்தது. முன்பெல்லாம் பகலில் தூக்கம் இல்லாமல் கண்கள் இரத்தமாகச் சிவந்து கிடக்கும். இப்போது நன்றாகத் தூங்குகிறான் என்பதில் அவளுக்கு நிம்மதிதான்.

அடுத்த கூட்டத்தில் ரப்பர்த் துண்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"இதை யாரு வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களே சொல்லிட்டா மரியாதை."

அவள் பார்வை போன திசையை எல்லோருடைய பார்வையும் தொடர்ந்தது. கிளட்ச் சாரின் காது மடல்கள் சிவந்தன.

"என்னம்மா, என்னைப் பாக்கறீங்க? நானா வெச்சேன்?"

"மதியம் குனிஞ்சு என்ன பண்ணினீங்க?"

"பிடுங்கிப் போட்டேன்! எவனோ வைக்கிறான், நான் தினம் பிடுங்கிக் குப்பையில போடறேன். நீங்க எடுத்ததைவிட நான் எடுத்தது அதிகம்!"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"இங்க யார் யார்கிட்டப் பேசறாங்க, சொல்றதுக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வைக்கிறவங்களே எடுக்கறதும் உண்டு சார்" என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. ஆனால் பின்வாங்கவில்லை.

கிளட்ச் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இனிமே அந்தப் பக்கம் நான் தலைவெச்சுப் படுக்கமாட்டேன். போதுமா? நீங்களே காவல் காத்துக்குங்க."

அவர் சொன்னபடியே செய்தார். மதியத்தில் குளத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. கதவும் சில நாட்கள் டமார் டமார் என்று நன்றாக மூடிக்கொண்டது. பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள். அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. ஒருநாள் மறுபடி சத்தம் நின்றது. குழிக்குள் ரப்பர்.

கிளட்ச் சார் பழிவாங்குகிறார் என்று முடிவு கட்டினாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து வைத்துவிட்டுப் போகிறார். படிக்கட்டில் எதிரே வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். செயலாளர் அம்மாவிடம் ஓடினாள். அந்த அம்மாள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"இதப் பாருங்க, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்களே வெச்சு நீங்களே எடுக்கறீங்களோன்னு சில பேர் பேசிக்கறாங்க."

"நானா? நான் எதுக்கு வைக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு எப்பவும் குளத்தைப் பத்திப் பேச ஏதாவது வேணுமில்ல?"

இனி அந்தக் கதவைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக வீட்டுக்கு வந்தாள். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் வேலிப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். ஊருக்கெல்லாம் இல்லாத அக்கறை எனக்கு மட்டும் எதற்கு என்று இருந்தது.

காப்பகத்துக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் அது. அவளும் விடுப்பு எடுத்திருந்தாள். கணவன் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் பட்டாசு பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டிருந்தது. "நீ ஏன் அழுக்கா இருக்க? குளிக்கலையா நீ?"

அவளுடைய அக்கா தொலைபேசியில் வந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கிளட்ச் சாரிடம் வந்து நின்றது.

"அந்த ஆளு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்குக்கா. இரு, இப்பக்கூட அங்கதான் நிக்கிறாரான்னு பாக்கறேன்." வாசல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவைச் சாத்தாமலே சமையலறைக்கு வந்து, அடுப்பைத் தணித்துக்கொண்டே பேசினாள். துப்புரவு ஆளுக்கும் இதில் பங்கு இருக்குமா என்று அக்கா கேட்டாள். இருக்கலாம் என்று தோன்றியது. அதைப் பற்றியும் பேசினார்கள்.

பேச்சுக்கு நடுவே ஏதோ குறைவதாகப் பட்டது. என்ன என்று சட்டெனப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. வீட்டில் சத்தமே இல்லை.

"பட்டாசு?"

பொம்மைகள் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று குறைந்தது. தொலைபேசியை அப்படியே போட்டாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில், திரைக்குப் பின்னால், துணிக்கூடைக்குள். வெளியே ஓடினாள். குழந்தைக்கு மாடிப்படி ஏறுவதில் ஆசை என்பது நினைவுக்கு வந்து, படிகளில் ஏறிக்கொண்டே கத்தினாள். முதல் மாடி வளைவில் அவள் குரல் கிழிந்தது. "என்னங்க! பாப்பாவக் காணோம்!"

படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கணவன் தெரிந்தான். கட்டிலில் இருந்து எழுந்த கோலத்தில், வெறும் காலோடு, வாசலைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தான். வலது இடது பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நேராகக் குளத்துக் கதவுக்குப் போனான். தாழ்ப்பாளைத் தேடிக் கைகூடத் தூக்கவில்லை. தோளால் ஒரு இடி இடித்தான். கதவு திறந்துகொண்டது.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. படிகளில் விழுந்தடித்து இறங்கினாள்.

பட்டாசு குளத்துப் படிகளுக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத முனையில், குப்புறக் கிடந்தது. தலைமுடி தண்ணீரில் விரிந்து மிதந்தது. பக்கத்தில் அந்த அழுக்குப் பொம்மை. ஒரு கூப்பாடு கிடையாது, கைகாலை அடித்துத் தண்ணீரைச் சிதறடித்த சத்தம் கிடையாது. அவ்வளவு பேசும் குழந்தை ஒரு சொல்கூடச் சொல்லாமல் மூழ்கியிருந்தது. கணவனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து, வாரி எடுத்துக் கரையேறினான். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவன் அதைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனான்.

"தூக்காத! கீழ படுக்க வை!"

மேலிருந்து வந்த குரல் அது. கிளட்ச் சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார். காதில் தொலைபேசி. ஆம்புலன்ஸை அழைத்திருந்தார். மறுமுனையில் இருந்த பெண் சொல்லச் சொல்ல, அதை அவர் தன் குரலில் இரைந்து சொன்னார்.

"தண்ணிய வெளிய எடுக்கறேன்னு வயித்த அமுக்கக் கூடாதாம். மூச்சுதான் முக்கியமாம். தலைய லேசா பின்னால சாயிம்மா. மூக்கைப் பிடி. வாய்மேல வாய வெச்சு ஊது! நெஞ்சு எழும்புதா?"

"இல்ல... இல்ல சார்..."

"இன்னும் கொஞ்சம் சாய். ஊது! இப்ப?"

எழும்பியது. அவள் மறுபடி ஊதினாள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். பயந்து பயந்து அமுக்கியபோது, "அழுத்தமா! உடைஞ்சிடாது, அழுத்தமா!" என்று கத்தினார். ஊதினாள். அமுக்கினாள். தன் கைக்குக் கீழே இருந்தது தன் மகள் என்பதை மறந்தால்தான் கை வேலை செய்தது.

குழந்தையின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. இருமியது. வாயிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, கக்கியது. ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார் கிளட்ச் சார். மெலிந்த ஓர் அழுகை எழுந்தது. அதன் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டார்கள். கண் திறந்து பேசினாலும் உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது, நுரையீரலுக்குள் போன தண்ணீர் பிறகும் வேலையைக் காட்டலாம், மறுநாள்வரை பார்க்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கணவன் ஈரத் துணியோடு நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. அவள் அவனுக்கு எதிரே நின்றாள்.

"கதவு திறந்திருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஈரத் துணியின் நுனியைப் பிழிந்தான்.

"அச்சு மெஷின்ல உருளையைச் சுத்தி ஒரு ரப்பர் இருக்கும். தேஞ்சு போச்சுன்னா வெட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க."

"அதத் தூக்கிட்டு வந்தீங்க."

"தூக்கமே இல்ல. கண்ண மூடினா டமார். அசந்தா டமார். ஒரு நாள் மெஷின்கிட்ட நின்னபடியே தூங்கிட்டேன். பக்கத்துல இருந்தவன் சட்டையப் பிடிச்சு இழுக்கலைன்னா கை உள்ள போயிருக்கும். உன்கிட்டச் சொன்னேன். காதுல பஞ்சு வெச்சுக்கச் சொன்ன."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். எங்கே, எப்போது என்பதுகூட நினைவுக்கு வந்தது.

"கதவு வேணாம்னா சொல்ல முடியும்? நீ சண்டை போட்டு வாங்கினது. நான் திறந்து விடலை. சத்தம் மட்டும் வராம பண்ணினேன். பாக்கறதுக்கு மூடினாப்பலதான் இருந்துச்சு."

"மூடினாப்பல!" என்றாள் அவள். பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தினம் உங்க எதிர்ல உக்காந்து புலம்பினேனே. அந்த மனுஷனை ஊர் முன்னால நிக்க வெச்சுக் கேட்டேனே. அப்பவும் சாப்பிட்டுட்டுத்தானே இருந்தீங்க? அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாள் போகப்போக சொல்றது கஷ்டமாயிடுச்சு."

அவன் அழுதான். அவள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. திட்டவும் இல்லை. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊர்க்கதை பேசியது யார் என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டாசு வீட்டுக்கு வந்ததும், இருவரும் இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். கிளட்ச் சார் கதவைப் பாதி திறந்து நின்றார். கணவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள், "மன்னிச்சிடுங்க சார். உங்களை அங்க வரவிடாம பண்ணினது நான்தான்" என்றாள்.

"மன்னிப்பு இருக்கட்டும்" என்றார் அவர். "அன்னிக்கு உங்க எல்லார் மேலயும் இருந்த கோவத்துல, வேலிப் பக்கம் பாக்கவே கூடாதுன்னு ஜன்னலுக்குத் திரை போட்டுட்டேன். நீங்க படியில கத்தினது கேட்டுத்தான் வெளிய வந்தேன். திரை இல்லைன்னா முன்னாடியே பாத்திருப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "குழந்தை சாப்பிடுதா?"

"வாய் மூட மாட்டேங்குது."

"நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டத்தில் கணவனே எழுந்து நின்று ஒப்புக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. கதவுச் சத்தம் தங்களுக்கும் தொல்லைதான், ஆனால் மருந்துக்கடை அக்காவிடம் யார் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டோம் என்று முதல் மாடிக்காரர்கள் அப்போதுதான் வாய் திறந்தார்கள். சத்தமில்லாமல் இழுத்து மூடி, தாழ்ப்பாளையும் விழவைக்கும் எண்ணெய்க் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கும் என்று கல்லூரிப் பையன்களில் ஒருவன் சொன்னான். அதை வாங்கி மாட்ட ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர், தொலைபேசியும் அரட்டையும் இல்லாமல், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவேண்டும், எழுந்தால் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் எழவேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு ஒருவராவது முதலுதவி கற்றுக்கொள்ளவேண்டும் என்று செயலாளர் அம்மாவே சொன்னாள்.

கணவன் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டான். வாரக் கடைசியில் நீச்சல் வகுப்பில், தன்னைவிடச் சின்னவர்களோடு, ஆழமில்லாத முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தான். பட்டாசையும் சேர்த்தார்கள். நீச்சல் கற்ற குழந்தையும் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று பயிற்சி தரும் பெண் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அவன் சொன்னால், அவள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வாசலைப் பூட்டிவிட்டேன் என்றால் எழுந்து இழுத்துப் பார்ப்பாள். அவன் அதைக் கவனிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு, குளத்தின் குறுக்கே தட்டுத்தடுமாறி நீந்தினான். பாதியில் தலையைத் தூக்கி, மூச்சு வாங்க, அவளைப் பார்த்துக் கேட்டான்.

"இப்பவாவது நம்பிக்கை வருதா?"

அவள் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தபடி இருந்தாள்.

"பேசாதீங்க. முதல்ல கரைக்கு வாங்க" என்றாள்.